மலையகத்துக்கு ஓர் எண்ணிம (டிஜிட்டல்) நூலகம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கமும் பண்டாரவளைப் பக்கமும் வாசிகசாலைகளிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் உட்கார்ந்து பேசியபோது எங்களிடம் கேட்ட கேள்விகள் இவை. நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். ஒரு நூலகர், இரண்டு மென்பொருள்காரர், ஒரு வரலாற்று ஆசிரியை, ஒரு சட்டத்தரணி, அப்புறம் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, உழைத்து, ஓய்வு பெற்ற நாலைந்து பேர். பதில் எழுதுவது நூலகர். ஆகவே நூலகர் புத்தி அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகங்களையும் படங்களையும் ஒரு பேஸ்புக் குழுவில் போட்டால் போதாதா? அதற்கு எதற்கு நூலகம்?

நாலு பேர் பார்த்துச் சந்தோஷப்படப் போதும். ஐந்து வருஷம் கழித்து அதே படத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கிடைத்தாலும் யார் வீட்டுப் படம், எந்த வருஷம், எந்தத் தோட்டம் என்று ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் கைமாறக் கைமாறப் படம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பின்னாலிருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றே வாசிக்க முடியாது.

நூலகம் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான முகவரி, விவரக் குறிப்பு, மூலத்தின் பெரிய பிரதி, அதைக் காப்பதற்கு ஒரு பொறுப்பாளி. தமிழுக்கு இது புதிதில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005ல் தொடங்கியது. இரண்டும் தன்னார்வலர்களின் கையால் வளர்ந்தவை. நாங்கள் அவர்களுக்குப் போட்டி இல்லை. அவர்கள் நடந்த பாதையில், தோட்டத்துக் காகிதங்களுக்கென்று கொஞ்சம் நின்று வேலை செய்கிறோம்.

நூலகம் நடத்த நூலகர் போதும். சட்டத்தரணி, ஆசிரியை, மென்பொருள்காரர், தோட்டத்து ஆட்கள் என்று இத்தனை பேர் எதற்கு?

இதற்கு ஒரு கதைதான் பதில். என் தவறும் அதில் இருக்கிறது.

ஒரு பெரியவர் பழைய செக்ரோல் (ஆட்களின் அன்றாட வேலையையும் சம்பளத்தையும் பதியும் தோட்டத்துப் பேரேடு) பக்கங்கள் சிலவற்றைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஆபீசில் கழித்துப்போட்டவையாம். ஸ்கேன் செய்தோம். எங்கள் மென்பொருள்காரர்களில் ஒருவர், கொழும்பில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, ஒவ்வொரு வரியையும் அட்டவணையாக்கினார். பக்க ஓரங்களில் யாரோ பென்சிலால் ‘அரைப்பேர்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த இடங்களிலெல்லாம் ‘பெயர் முழுமையாக இல்லை’ என்று குறித்து, முழுப் பெயரைக் கண்டுபிடிக்கத் தனிப் பட்டியலும் போட்டுவிட்டார். நான் சரிபார்த்து ஒப்பம் வைத்தேன். டவுனில் வளர்ந்த எனக்கும் தெரியவில்லை.

கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினோம். காலமெல்லாம் கொழுந்து பறித்த ஓர் அம்மா முன்வரிசையில் இருந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “தம்பி, அது ஆளோட பேரு இல்ல. கொழுந்து கொறஞ்சா அரநாச் சம்பளந்தான் போடுவாங்க. அதான் அரப்பேரு. முழுப்பேரு விழுந்தா முழுச் சம்பளம்.”

‘முழுமையில்லாத பெயர்கள்’ என்று நாங்கள் போட்ட பட்டியல், உண்மையில் சம்பளம் வெட்டப்பட்ட நாட்களின் பட்டியல். வரலாற்று ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த மாதங்களில் அரைப்பேர் அதிகம், ஆணுக்கா பெண்ணுக்கா அதிகம் என்று அன்றைக்கே எண்ணத் தொடங்கினார். சட்டத்தரணி வேறொன்றைக் கவனித்தார்: அந்தப் பக்கங்களில் இருக்கும் சிலர் இன்னும் உயிரோடு இருக்கலாம், அவர்களுடைய கடனும் அபராதமும் அதில் இருக்கின்றன, அப்படியே திறந்துவிட முடியாது. ஒரே பக்கத்தில் நாலு பேர் நாலு விஷயம் பார்த்தார்கள். நான் மட்டும் இருந்திருந்தால் பிழையான பட்டியல் ஒன்று அழகான இணையத்தளத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மென்பொருளில் ஒரு கட்டம் சேர்ப்பதற்கு முன்னாலேயே தோட்டத்து ஆட்களோடு உட்காருவது. எல்லாம் முடிந்த பிறகு ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டினால் அது திறப்பு விழா, கலந்து பேசியதாகாது.

மலையகத்தில் சேர்க்க அப்படி என்ன இருக்கிறது? எங்கள் வீடுகளில் புத்தகமே கிடையாதே.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்களேதான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கத்துச் சந்தா அட்டை. அப்பா இந்தியாவுக்குப் போகப் பதிந்து, போகாமலே விட்ட பாஸ்போட்டு. திருவிழா நோட்டீஸ். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. காமன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்கு, கூத்து வாத்தியார் கொப்பியில் எழுதி வைத்த பாட்டு. இந்தியாவுக்குப் போன சொந்தங்களிடமிருந்து, கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ வந்த நீல நிற வான்கடிதம். சில வீடுகளில் பாட்டனுக்குப் பாட்டன் கடல் தாண்டி வந்தபோது கொடுத்த டின் டிக்கட், எண் பொறித்த சின்னத் தகரத் துண்டு. அதைவிட அரிதானது பழைய ‘துண்டு’. கடன் கணக்கு எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற முறை 1921ல்தான் ஒழிந்தது.

துரைமாரின் நாட்குறிப்புகளும் கம்பனிக் கணக்குகளும் எங்கெங்கோ காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் நம் ஆட்கள் எண்ணிக்கையாக வருவார்கள். அவர்கள் தாங்களே எழுதியதும், கையில் வைத்திருந்ததும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு ஆயுசு குறைவு. மலைநாட்டு ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மண்சரிவு ஒன்றையுமே மிச்சம் வைக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் மலையகம் முழுக்கச் சரிவு. உயிர்ப் பலியின் பக்கத்தில் வைத்துக் காகிதத்தைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகாமில் உட்கார்ந்திருப்பவர் முதலில் தேடுவது பிறப்புச் சான்றிதழையும், இறந்துபோன பிள்ளையின் ஒரு போட்டோவையும்தான்.

பாட்டியின் பிரஜாவுரிமைக் காகிதத்தைத் தந்தால் ஊரெல்லாம் பார்க்குமா?

பார்க்காது. நீங்கள் சொன்னால்தான் பார்க்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றிருந்தவர்களின் கணக்கை முடிக்க 2003ல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு காகிதம் இருந்ததாலும் இல்லாததாலும் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை. அப்படிப்பட்ட சனத்திடம் போய் ‘காகிதத்தைக் கொடுங்கள், கணினியில் ஏற்றுகிறோம்’ என்றால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். சந்தேகப்படுவதுதான் நியாயம்.

ஆகவே மூன்று அடுக்கு வைத்திருக்கிறோம். முதலாவது எல்லாருக்கும் திறந்தது. இரண்டாவது, பொருள் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பார்க்க வேண்டுமானால் குடும்பத்தைக் கேட்டு நாங்கள் பதில் சொல்வோம். மூன்றாவது பூட்டியது. பாதுகாப்புப் பிரதி மட்டும்தான், குடும்பத்தைத் தவிர யாருக்கும் இல்லை. அடையாள அட்டை எண், முகவரி, நோய் விவரம், கடன் விவரம் உள்ளவை எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது அடுக்குக்குப் போகும். இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ல் நிறைவேறியிருக்கிறது. அதை எங்கள் சட்டத்தரணி பார்த்துக்கொள்கிறார். ஆனால் சட்டம் கேட்பதைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பது தோட்டத்து ஆட்கள் போட்ட நிபந்தனை.

மூலக் காகிதத்தை நாங்கள் எடுத்துப்போவதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஸ்கேன் செய்து, உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தருவோம். பிற்பாடு மனசு மாறினாலும் சரி, ‘எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு போன் போதும். காரணம் கேட்க மாட்டோம். மென்பொருள்காரர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, ‘நிரந்தர முகவரி என்று சொல்லிவிட்டு எப்படி எடுப்பது?’ என்றார்கள். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் முகவரி நிற்கும், பொருள் போகும், ‘குடும்பத்தின் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும் என்று முடிவானது.

நம்பகமான நூலகம் என்று நீங்களே சொன்னால் ஆச்சா? நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

நம்பகமான எண்ணிமக் காப்பகத்தை அளக்க ஐஎஸ்ஓ 16363 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. எங்களைப் போன்ற சின்னக் கூட்டம் அதில் தேறுவது லேசில்லை. 2020ல் ‘டிரஸ்ட்’ என்று ஐந்து கொள்கைகளைத் தொகுத்தார்கள்: வெளிப்படை, பொறுப்பு, பயனாளர் மேல் கவனம், நீடித்து நிற்பது, தொழில்நுட்பம். தொழில்நுட்பம் கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அப்படி அமைந்ததால் வந்த வரிசைதான். இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

நடைமுறையில் எங்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பிரதிகள் எத்தனை, எங்கெங்கே? (மூன்று. ஒன்று மலையகத்தில், ஒன்று கொழும்பில், ஒன்று நாட்டுக்கு வெளியே. மூன்றையும் ஒரே மலையில் வைத்தால் ஒரே சரிவில் போகும்.) கோப்பு கெடவில்லை என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்கோவையைக் கணித்து வைக்கிறோம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் கோவை மாறிவிடும். குறித்த காலத்துக்கு ஒருமுறை கணினி எல்லாவற்றையும் மறுபடி கணித்துப் பார்க்கும்.

பெரிய இடங்களே அடிபட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை 2023 ஒக்டோபரில் கப்பம் கேட்கும் கும்பல் முடக்கியது. அதன் நூற்பட்டியலே 2024 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டுப் பல நாட்கள் கிடைக்காமல் இருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ல் எரிந்தபோது போன சுமார் 97,000 நூல்களில் சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. அதனால் எங்களுக்கு ஒரு பிடிவாதம்: எந்தப் பொருளுக்கும் ஒற்றைப் பிரதி இருக்கக் கூடாது, நாங்கள் வைத்திருக்கும் பிரதி உட்பட. ஸ்கேன் செய்த கோப்பைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிடுகிறோம்.

பழைய ஆவணங்களில் நம் ஆட்களைக் ‘கூலி’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதையும் அப்படியே போடுவீர்களா?

ஆவணத்தில் கைவைக்க மாட்டோம். தலைப்பு அப்படி இருந்தால் தலைப்பு அப்படியே இருக்கும், திருத்தினால் அது பொய். ஆனால் நாங்கள் எழுதும் விவரக் குறிப்பில் ‘தொழிலாளர்’, ‘மலையகத் தமிழர்’ என்றுதான் வரும்.

படங்கள் இன்னும் சங்கடம். வெள்ளைக்காரன் காலத்துத் தபாலட்டைகளில் கூடையும் மூக்குத்தியுமாக நிற்கும் பெண்ணின் கீழே ‘தமிழ்ப் பெண், சிலோன்’ என்று மட்டும் இருக்கும். பெயர் கிடையாது. அவற்றுக்குப் ‘பெயர் பதியப்படவில்லை’ என்று எழுதுகிறோம். ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுத வேண்டாம் என்றது வரலாற்று ஆசிரியை. அந்தப் பெண்ணுக்குத் தன் பெயர் தெரியும், படம் எடுத்தவன்தான் கேட்கவில்லை என்றார்.

தேடினால் கிடைக்குமா? எங்கள் ஊர்ப் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே.

இதுதான் எங்கள் தலைவலி. அட்டன், ஹட்டன், ஹற்றன் மூன்றும் ஒரே ஊர். தலவாக்கலை, தலவாக்கொல்லை ஒரே ஊர். கணினிக்கு ஐந்தும் ஐந்து சொல். தோட்டங்களுக்கோ ஆபீசில் எழுதும் ஆங்கிலப் பெயர் ஒன்று, சனம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, பஸ்ஸில் எழுதியிருக்கும் சிங்களப் பெயர் சில நேரம் மூன்றாவதாக ஒன்று. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தோடு கட்டி வைக்கும் பட்டியலைத் தயாரிக்கிறோம். நூலகருக்கு இந்த வேலையின் முறை தெரியும், ஆனால் பெயர்கள் தெரியாது. பெயர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் வாயில் இருந்தன. மூன்று மாலைப் பொழுதில் சொல்லி முடித்தார்.

ஆட்களின் பெயர் இன்னும் மோசம். தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ‘ராமையா’, தம்பிக்கு ‘ரமயியா’ என்று தகப்பன் பெயர் இருக்கும். தேடும்போது ஓசையால் நெருங்கிய பெயர்களையும் காட்டும்படி செய்திருக்கிறோம். சில நேரம் சம்பந்தமில்லாததும் வரும்.

அச்சிட்ட பழைய நூல்களில் தும்பிக்கை போலச் சுருண்ட பழைய லை, னை வரும். பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அங்கே தடுமாறும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகளோ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மலையகத்துச் சங்கங்களும் பள்ளிகளும் வெளியிட்ட மலர்கள் நிறைய அந்தக் கோலத்தில்தான் கிடக்கின்றன. அவற்றை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம், கஷ்டமில்லை, ஆள் உட்கார வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் எல்லாம் தானே செய்யாதா?

முதல் வரைவுக்கு உதவும். ‘அரைப்பேர்’ கதையை மறுபடி வாசியுங்கள்.

காமன் கூத்துப் பாட்டு யாருக்குச் சொந்தம்? பதிவு செய்து போட்டால் வேறொருவர் எடுத்துச் சினிமாவில் போட மாட்டாரா?

சட்டம் ஒரு பக்கம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருஷமும் நிற்கும். அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் தனியாகப் பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு கூத்து வாத்தியார் வழக்குப் போட்டு ஜெயிப்பார் என்று நான் சொல்லப்போவதில்லை.

விவரக் குறிப்பு எழுதும்போதே இது இடிக்கும். உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற அடிப்படைப் படிவத்தில் 15 கட்டம். அதில் ஒன்று ‘ஆக்கியவர்’. கொப்பியில் எழுதியவரா, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரா, பாடிப் பாடி வரியை மாற்றிய ஊரா? நாங்கள் ‘பாடியவர்’, ‘கற்றுக்கொடுத்தவர்’, ‘ஆடும் தோட்டம்’ என்று மூன்று கட்டம் சேர்த்துக்கொண்டோம்.

அப்புறம், எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்பது கணினிக்காரர் தர்மம். கூத்தாடுபவர்களுக்கு வேறு தர்மம். கம்பம் நட்டு, விரதமிருந்து பாடுவதைக் காலம் தப்பிப் பாடக் கூடாது என்று ஒரு தோட்டத்தில் சொன்னார்கள். சரி என்று, அந்தப் பகுதியைக் கூத்து நடக்கும் காலத்தில் மட்டும் கேட்கும்படி வைத்தோம். ஆய்வாளர் ஒருவர் கோபித்துக்கொண்டார். உலகின் பழங்குடி மக்கள் 2019ல் ‘கேர்’ என்ற பெயரில் முன்வைத்த கொள்கைகளில், தரவைக் கையாளும் அதிகாரம் அந்த மக்களிடமே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் அதைப் படித்தது பிற்பாடுதான். தோட்டத்தில் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் டிவிஷனில் சிக்னலே இல்லை. யாருக்காக இணையத்தில் போடுகிறீர்கள்?

நியாயமான கேள்வி. மேட்டுக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நின்றால்தான் இரண்டு கோடு வரும் என்ற இடங்கள் எங்களுக்கும் தெரியும். முதலில் நாங்கள் வைத்த பக்கம் பெரிய படத்தோடு திறந்தது. ஒரு பிள்ளை ‘சேர், இதத் தெறந்தா டேட்டா கார்ட் முடிஞ்சிரும்’ என்றாள். இப்போது எழுத்து முதலில் வரும், படம் தொட்டால்தான் இறங்கும், அதுவும் சின்ன அளவில்.

இணையமே இல்லாத இடத்துக்கு, கையடக்கமான ஒரு சிறு கணினியில் நூலகத்தை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிடுகிறோம். அதிலிருந்து வரும் வைஃபையைப் போனில் பிடித்தால் டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகக் குறிப்புகளைக் குரலிலும் பதிகிறோம். அந்தக் குரல் செய்தி வாசிப்பவர் தமிழில் இருக்கக் கூடாது, தோட்டத்துத் தமிழில் இருக்க வேண்டும் என்றார்கள். இப்போது பதிவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

காசு யார் தருகிறார்கள்? நாளைக்கு நீங்கள் மூடிவிட்டால்?

இதுவரை கைக்காசும் தெரிந்தவர்கள் தருவதும்தான். தோட்டக் கம்பனியிடமோ கட்சியிடமோ வாங்குவதில்லை. மூட வேண்டி வந்தால் எல்லாக் கோப்பும் யாரிடம் போக வேண்டும், பூட்டிய அடுக்கை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, மூன்று பேர் ஒப்பமிட்டு வைத்திருக்கிறோம். கேட்டால் காட்டுவோம்.

வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. நீங்கள் வரும்வரை என்ன செய்வது?

லேமினேட் செய்யாதீர்கள். நல்லது என்று நினைத்து எல்லாரும் செய்வது இதுதான், ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டாம், பழுத்துக் கறையாகிவிடும். அடுப்புப் புகை படும் பரணிலிருந்து இறக்கி, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றுப்படும் இடத்தில், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து விரியுங்கள்.

போட்டோவில் இருப்பவர்கள் யாரென்று தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், இல்லாவிட்டால் தனித் தாளில் எழுதி உள்ளே வைக்கலாம். பட்டப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்தில் பாதிப் பேரை அந்தப் பெயரில்தான் தெரியும்.